கை படாமல் வந்த டிஸ்க்

நேற்று மழை பெய்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள நீங்களும் நானும் என்ன செய்வோம்? வாசலில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்போம், கொடியில் போட்ட துணியைத் தொட்டுப் பார்ப்போம். அப்படித் தொட்டுப் பார்த்துவிட்டு நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு நிலையம் இருக்கிறது. சென்ற வானிலை நிலையம் என்று பெயர். நாளைக்கு மழை வருமா என்று அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். அது வேறு இலாகா. நேற்று, முந்தாநாள், போன வருஷம், அதற்கும் முந்தைய வருஷம், எந்த நாளில் எந்த ஊரில் எத்தனை தூறல் விழுந்தது என்று முத்திரை குத்திச் சொல்வதுதான் இவர்கள் வேலை. பயிர்க் காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்கள், கோர்ட்டில் கேட்பார்கள். கல்யாணத்தன்று மழை பெய்ததா என்று சண்டை போட்டுக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் வந்ததாகவும், பெய்யவில்லை என்று சான்றிதழ் கொடுத்தபின் சண்டை பெரிதானதாகவும் சொல்வார்கள்.

இந்த மழை, வெயில், காற்று எல்லாம் ஒரு பெரிய டிஸ்க்கில் இருந்தது. அந்த டிஸ்க்குக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் பங்காளிகள். ஒரே பீரோவை மூன்று அண்ணன் தம்பிகள் வைத்துக்கொள்வது போலத்தான். ஒருவன் திறப்பது மற்ற இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவன் சட்டையை அவன் மாட்டிக்கொண்டு போய்விடுவான். அந்தப் பீரோவைத் திறந்து உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டுவதற்கு மவுண்ட் என்று பெயர். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி கிளப்பினால், அதாவது ரீபூட் செய்தால், மவுண்ட் தானாகவே ஆகிவிட வேண்டும். உலகத்தில் எல்லா இடத்திலும் ஆகிறது. இங்கே மட்டும் ஆகவில்லை.

முதல் தடவை அப்படி ஆகாமல் போன அன்று, நம் ஆள் பிரின்ட்டரில் மாட்டிய காகிதத்தை உருவிக்கொண்டு டிஸ்க் அறையில் குனிந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அந்த வயதில் யாருக்குத் தெரிகிறது? எட்டிப் பார்த்து, கீபோர்டில் ஒரு வரி அடித்து, என்ட்டரைத் தட்டினான். டிஸ்க் வந்துவிட்டது. இயக்குநர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டுதான் வினையாகப் போயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரீபூட்டுக்கும் அவனைக் கூப்பிட்டார்கள். வாராவாரம் திங்கட்கிழமை ரீபூட் செய்ய வேண்டும் என்பது மேலிடத்து ஆணை. ஏன் என்று கேட்டால், பல் விளக்குவதை ஏன் என்று கேட்பீர்களா என்பார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், மவுண்ட்டு என்றே ஆகிவிட்டது. பிறகு பதவிக்கே அந்தப் பெயர் வந்தது. மவுண்ட் அலுவலர். கதவில் பலகை, நாற்காலிக்குக் கைப்பிடி, கழுத்தில் அட்டை. அவன் அடித்தது ஒரு வரி, அதைச் சுற்றி நிலையம் கட்டியது ஒரு கோட்டை.

கோட்டையைக் கட்டியது நடைமுறை மேடம். எந்தக் காரியத்தையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதுவது அவர் உத்தியோகம், செய்வது அல்ல. அவர் எழுதியபடி, திங்கட்கிழமை காலை எல்லோரும் செல்போனை அணைத்துவிட்டு டிஸ்க் அறையில் நிற்பார்கள். இயக்குநர் வந்து தலையசைப்பார். மேடம் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படிப்பார், இவன் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பான். இடைவெளி வரும் இடத்தில் மேடம் ‘இடைவெளி’ என்பார், எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வார்கள். கடைசியில் ‘அழுத்துக’ என்பார். இவன் அழுத்துவான். டிஸ்க் வந்ததும் இயக்குநர் கைதட்டுவார், மற்றவர்களும் தட்டுவார்கள். பொதுமக்கள் பார்க்க ஒரு பக்கச் சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டினார்கள்.

விதிகளில் முக்கியமானது ஒன்றுதான். மவுண்ட் அலுவலர் நாற்காலியில் இல்லாத நேரத்தில் ரீபூட் நடக்கக் கூடாது. நடந்தால் அவர் வேலை போகும். அவனுக்கு இது தூக்கத்திலும் மறக்காது.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். மனைவி ஒரு ராத்திரி ரயில் பயணம் தள்ளியிருந்த ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். மூன்று வயதில் ஒரு பெண், குட்டி என்று கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை ரீபூட், அதற்கு முன்னால் ஒத்திகை, பின்னால் அறிக்கை என்று போக, அவன் ஊருக்குப் போவது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகி, வீடியோ காலில் வந்து நின்றது. குட்டி ஆரம்பத்தில் போனைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்குவாள். தூக்கிக்கொள் என்று அர்த்தம். இவன் இங்கே போனை உயரத் தூக்குவான், அவள் சிரிப்பாள். கொஞ்ச நாளில் அவள் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். போன் தூக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நிலையில்தான் மாற்றல் ஆணை வந்தது. மனைவியின் ஊரிலேயே நிலையத்துக்குக் கிளை, அங்கே ஒரு இடம். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் ஆணை ரத்து. அவன் ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினான்.

“ரொம்பச் சந்தோஷம்,” என்றார் இயக்குநர். “குடும்பம்தான் முக்கியம். நானே எங்க வீட்டுல அடிக்கடி சொல்வேன். நாளைக்கே கிளம்புங்க.”

“ரொம்ப நன்றி சார்.”

“டிஸ்க் தானா வர ஆரம்பிச்ச உடனே கிளம்பிடுங்க.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். “சார், வேற யாராவது அந்த ஒரு வரியை அடிக்கலாமே. மேடம்தான் எழுத்தெழுத்தா படிக்கிறாங்களே.”

“படிக்கிறது வேற, அடிக்கிறது வேற. உங்க கைராசிய நான் இன்னொருத்தர்கிட்ட எப்படி எதிர்பார்க்க முடியும்?”

அன்று மாலை மனைவியிடம் போனில் சொன்னான். “அந்த டிஸ்க்குக்கு நான் மூத்தவளா இளையவளா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க,” என்றாள்.

“இரு, நான் அது ஏன் வரலைன்னு கண்டுபிடிச்சிடறேன்.”

“இத்தனை வருஷம் கண்டுபிடிக்காம என்ன பண்ணீங்க?”

நியாயமான கேள்வி. கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அடிக்கச் சொன்னார்கள், அடித்தான். மாட்டு வண்டியில் கட்டின மாடு அச்சாணி ஏன் கத்துகிறது என்றா பார்க்கும்?

மறுநாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தான். முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டான். கழற்றித் துடைத்து மாட்டினான், கேபிள் நல்ல கேபிள். அடுத்து டிஸ்க்கையே சந்தேகப்பட்டான், அது குற்றமற்றது. கடவுச்சொல்லைச் சந்தேகப்பட்டான், பங்காளிகளுக்குள் பகையோ என்று மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களையும் சந்தேகப்பட்டான். கையால் அடித்தால் வருகிறது, தானாக வருவதில்லை. அப்படியானால் வரியில் தப்பில்லை, நேரத்தில்தான் தப்பு என்று ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது உறைத்தது. கையைக் கழுவிவிட்டு ஓடி, கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளைப் படித்தான். விஷயம் அங்கே அப்பட்டமாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் எழுந்த கையோடு டிஸ்க்கைத் திறக்கப் போகிறது. டிஸ்க் நெட்வொர்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நெட்வொர்க்கோ இன்னும் எழவே இல்லை. கதவைத் தட்டிப் பார்த்து, ஆள் இல்லை என்று கம்ப்யூட்டர் திரும்பிவிடுகிறது. கொஞ்சம் கழித்து நெட்வொர்க் எழுந்து உட்கார்ந்துகொண்டு யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரும் போவதில்லை, இவன் போகிறான்.

எந்த டிஸ்க்கை எப்போது திறக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் ஒரு கோப்பு உண்டு. அதில் இந்த டிஸ்க்குக்கான வரியில், நெட்வொர்க் வந்த பிறகு திற என்று சொல்லும் ஒரே ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் அந்த வரிக்கு மேலே யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்: இந்த வரியைத் தொடக் கூடாது.

மாற்றம் செய்ய நடைமுறை மேடத்தின் அனுமதி வேண்டும். அவன் கேட்டான்.

“தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கே,” என்றார் மேடம்.

“யார் எழுதினாங்க மேடம்?”

“தெரியாது.”

“ஏன் தொடக் கூடாதாம்?”

“அது எழுதலையே. காரணம் எழுதியிருந்தா அது சரியா தப்பான்னு பார்க்கலாம். எழுதாத காரணத்த எப்படித் தப்புன்னு சொல்ல முடியும்?”

குழு கூட்டினார்கள். நீளமான மேஜை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். இவன் ஒரு நிமிஷத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்தான். ஒரு சொல், ரீபூட் செய்து பார்த்தால் தெரிந்துவிடும், இவ்வளவுதான். யாருக்கும் புரியவில்லை என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது, அதுதான் சிக்கல். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“நம்ம மவுண்ட்டு நல்ல எண்ணத்தோட சொல்றாரு. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். தானா, தானாங்கறோம். தானா ஒரு காரியம் நடந்தா அதுக்கு யார் பொறுப்பு? நாளைக்கு மேலிடத்துலேர்ந்து வந்து, டிஸ்க்க யார் கொண்டுவந்தான்னு கேட்டா, யாரும் இல்ல, அதுவா வந்துச்சுன்னு சொல்ல முடியுமா? நான் இந்த நாற்காலிக்கு வந்து பல வருஷம் ஆச்சு. இந்த நிலையத்துல எதுவும் தானா நடந்ததில்லைன்னு நான் பெருமையா சொல்லுவேன். தானா நடக்க ஆரம்பிச்சா இது எங்க போய் நிக்கும்? இன்னிக்கு டிஸ்க் தானா வரும். நாளைக்கு அறிக்கை தானா வரும். நாளன்னிக்கு நான் இல்லாமயே எல்லாம் நடக்குதுன்னு யாராவது கண்டுபிடிச்சிட்டா?”

எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் இவனும் தட்டினான்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. சொல்லைச் சேர்ப்பதால் பலன் உண்டு என்று நிரூபித்தால் சேர்க்கலாம், நிரூபிக்கும் வரை சேர்க்கக் கூடாது. சேர்க்காமல் எப்படி நிரூபிப்பது என்று இவன் கேட்டதை மேடம், ‘உறுப்பினர் அல்லாதவரின் ஐயம்’ என்று எழுதிக்கொண்டார். ஒரு வல்லுநரை வரவழைப்பது என்றும் தீர்மானம் ஆயிற்று.

வல்லுநர் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திங்கட்கிழமைச் சடங்கு முழுவதையும் பார்த்தார். பிரமாதம் என்றார். “ஒரே ஒரு குறை. இவ்ளோ பெரிய பொறுப்ப ஒரே ஆள் தலையில வச்சிருக்கீங்க. இவருக்கு ஒரு காய்ச்சல் வந்தா நாட்டுல போன வருஷ மழையே இல்லாமப் போயிடும்.” ஆகவே துணை மவுண்ட் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும், அவருக்கு மவுண்ட் அலுவலரே பயிற்சி தர வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டுப் போனார். இவனுக்கு உயிர் வந்தது. துணை ஒருவர் வந்தால் பயிற்சி என்ன, ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிடலாம்.

பாடத்திட்டத்தை மேடம் எழுதினார். மூன்று வருஷப் படிப்பு. முதல் வருஷம் கீபோர்டைத் தொடாமல் பார்ப்பது, இரண்டாம் வருஷம் மின்சாரம் இல்லாத கீபோர்டில் பழகுவது. பயிற்சி முடியும் வரை பயிற்றுநர் இடம் மாறக் கூடாது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் பூதத்தையாவது பார்த்த திருப்தி இருக்கும். இவனுக்குக் கிணறு மட்டும் ஆழமாகிக்கொண்டே போயிற்று.

ராஜினாமா எழுதிக் கொடுத்தான். ராஜினாமாவை ஏற்க மாற்று ஆள் வேண்டும், மாற்று ஆள் பயிற்சியில் இருக்கிறார் என்று பதில் வந்தது. சொல்லாமல் ஓடிப்போனால் கிளையிலும் வேலை கிடையாது, வேறெங்கும் சான்றிதழ் கிடையாது. அவனுக்கு நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்திக்கொண்டே போவது போல இருந்தது. மாதக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டிருந்தாள். “உங்க சட்டைக்கு ஒரு அலமாரி காலி பண்ணியாச்சு,” என்றாள். கேலி இல்லாமல் அவள் பேசினால் அவனுக்குப் பயமாக இருக்கும்.

நிலையத்தில் அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதர் உண்டு, எலக்ட்ரீஷியன். ஃபியூஸ் அண்ணன் என்பார்கள். டிஸ்க் அறையில் ஏசி பார்க்க வந்தவரிடம் இவன் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

“இதுக்குத்தான் மூஞ்ச தூக்கி வச்சிருக்கியா?” என்றார் அண்ணன். “நீ அந்தச் சொல்ல போட்டு வை. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் நான் மெயின ஆஃப் பண்ணி ஆன் பண்றேன். கரன்ட் போச்சுன்னா கமிட்டி கூடி யார திட்டும்?”

“யூபிஎஸ் இருக்கேண்ணே. கரன்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாதே.”

“அது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கும் ஒரு கமிட்டி நடக்குது.”

ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்குத்தான் அலறல். இவனுக்கு ஆழம் தெரியும், ஆனாலும் விட்டான். நடுப்பகலில், அறையில் யாரும் இல்லாதபோது, தொடக் கூடாத வரியைத் தொட்டு அந்தச் சொல்லைச் சேர்த்தான். அண்ணன் கதவில் தலையை நீட்டினார்.

“போட்டுட்டியா? சரி வா. ஸ்விட்ச தட்டிட்டு ரெண்டு பேரும் வெளியில போய் டீ குடிக்கலாம். வந்து பாத்தா டிஸ்க் தானா வந்திருக்கும். நீ இல்லாமயே அது வரும்னு ஆயிடும்.”

இவன் எழுந்தான். கதவு வரைக்கும் போனான். விதி ஞாபகம் வந்தது. “நான் நாற்காலியில இல்லாதப்ப ரீபூட் ஆனா அது குற்றம்ணே. வேலையே போயிடும். அப்புறம் கிளையில எப்படிச் சேர்றது?”

“டேய், கரன்ட் போறதுக்கும் நாற்காலிக்கும் என்னடா சம்பந்தம்?”

“வேணாம்ணே. நான் உக்காந்தே இருக்கேன். தொடாம இருந்தா போதும்ல.”

அண்ணன் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் நிலையம் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததில் உருப்படியாக மனதில் பதிந்தது அந்த ஒரு விதிதான், அவன் என்ன செய்வான்.

விளக்கு அணைந்தது. இவ்வளவு நாள் இரைந்துகொண்டிருந்த மின்விசிறிகள் எல்லாம் அடங்கி, அறை நிசப்தமாயிற்று. மறுபடி விளக்கு வந்தது. கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு எழுந்தன. மூலையில் இருந்த கேமரா அவன் கண்ணில் பட்டது. நான் தொடவில்லை என்று அதற்குத் தெரிய வேண்டுமே என்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். திரையில் வரிகள் ஓடின. நெட்வொர்க் எழுந்தது. அதன்பின், அவசரப்படாமல், டிஸ்க் வந்தது. தானாக வந்தது.

தூக்கிய கை தூக்கியபடி இருக்க அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். கையை இறக்கியதும் மனைவிக்குத்தான் போன் போட்டான்.

“வந்துடுச்சு.”

“யாரு?”

“டிஸ்க்கு. நான் தொடவே இல்ல. இந்த வாரமே கிளம்பிடுவேன்.”

“ரயில்ல ஏறி உக்காந்துட்டுச் சொல்லுங்க, நம்பறேன்,” என்றாள். ஆனால் அவள் சிரிப்பது கேட்டது. பின்னால் குட்டி யாரிடமோ, “எங்கப்பா வரப்போறாரே,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், கரன்ட் போய்வந்த பிறகும் டிஸ்க் வந்திருப்பதைப் பார்த்து வெலவெலத்துப் போனார்கள். யாரும் படிக்காமல், யாரும் அழுத்தாமல், யாரும் கைதட்டாமல் ஒரு டிஸ்க் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதில் இருக்கும் மழை செல்லுமா செல்லாதா என்று மேடம் கேட்டார். அன்று பிற்பகல் சான்றிதழ் வாங்கிப் போனவர்களை எல்லாம் திரும்ப அழைத்து, அவர்கள் ஊரில் பெய்த மழை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

விசாரணை வைத்தார்கள். கரன்ட் போனதற்கு யாரையும் கேட்கவில்லை. அண்ணன் சொன்னது சரிதான், கரன்ட் போவது இயற்கை. கேமராப் பதிவை எல்லோருமாகப் பார்த்தார்கள். இவன் நாற்காலியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கண்ணில் நீர் வழிகிறது, டிஸ்க் வருகிறது. திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். இயக்குநர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் தப்பா நினைச்சிட்டேன்,” என்றார் மெதுவாக. “இவரோட கைராசின்னு நினைச்சேன். கையே வேணாம். ஆள் இருந்தா போதும், வருது.”

இவன் பதறிப்போய் எழுந்தான். “சார், நான் அந்த வரியில ஒரு சொல் சேர்த்தேன். நான்தான் சேர்த்தேன், ஒத்துக்கறேன். டிஸ்க் அதனாலதான் வந்துச்சு.”

“சொல்லால வந்துச்சா, நீங்க உக்காந்திருந்ததால வந்துச்சான்னு எப்படித் தெரியும்?”

“நான் வெளியில போறேன். ரீபூட் பண்ணிப் பாருங்க. அப்பவும் வரும்.”

“நீங்க இல்லாதப்ப ரீபூட் பண்ணக் கூடாது,” என்றார் மேடம்.

“சரி, அந்தச் சொல்ல எடுத்துடறேன். நானும் இங்கயே உக்காந்திருக்கேன். இப்ப ரீபூட் பண்ணுங்க. வராது, பாத்துக்குங்க.”

இயக்குநர் அவனை உண்மையான வருத்தத்தோடு பார்த்தார். “ஏன் தம்பி, வேலை செய்யற வரியப் போய் யாராவது தொடுவாங்களா?”

மேடம் அன்றே கோப்பில் அந்த வரிக்கு மேலே இருந்த குறிப்புக்குக் கீழே இன்னொரு குறிப்பைச் சேர்க்கச் செய்தார்: இனிமேலும் தொடக் கூடாது. தொட்டதற்காக இவனைத் தண்டிக்கவில்லை. தண்டித்தால் ஆளை அனுப்ப வேண்டிவரும். மாற்றல் ஆணை வந்த இடத்துக்கு, இவர் இன்றியமையாதவர், இவரை இடம் மாற்றினால் நாட்டின் இறந்தகாலத்துக்கு நிலையம் பொறுப்பேற்க முடியாது என்று எழுதினார்கள். ஆணை ரத்தாயிற்று. மனைவி முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய வீட்டிலேயே இருந்தாள். ஃபியூஸ் அண்ணன் இவனைப் பார்க்கும்போதெல்லாம், “டீ குடிக்கக் கூப்பிட்டேன்ல,” என்பார். வேறெதுவும் சொல்ல மாட்டார்.

திங்கட்கிழமைச் சடங்கு மாறியது. மேடம் இப்போது வரியைப் படிப்பதில்லை. கம்ப்யூட்டரைக் கிளப்பியதும், ‘உயர்த்துக’ என்பார். இவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். டிஸ்க் வரும் வரை இறக்கக் கூடாது. துணை அலுவலர் பின்னால் நின்று ஒரு கையைப் பாதி தூக்கிப் பழகுவார், அவருக்கு அது முதல் வருஷம். கூட்டம் முன்னைவிட அதிகம். பழைய சடங்கில் எழுத்து வாசிப்பதுதான் இருந்தது, இதில் பார்க்க ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

மூன்று கம்ப்யூட்டர்களும் ஒன்றையொன்று பார்த்துப் பேசி ஒத்துக்கொண்டு டிஸ்க்கைத் திறக்கச் சிறிது நேரம் ஆகும். கை கடுக்கும். அந்த நேரத்தில் அவன் எதையும் யோசிக்காமல் இருக்கப் பழகியிருந்தான்.

ஒரு திங்கட்கிழமை, நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கியபின்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பார்வையாளர்களுக்கு நடுவில் மனைவி நின்றிருந்தாள். ராத்திரி ரயிலில் வந்த தூக்கம் முகத்தில் இருந்தது, தோளில் பை. லீவு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், சொல்லவில்லை. திங்கட்கிழமைதான் பார்க்க விடுவார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறாள். அவள் இடுப்புக்குக் கீழே, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, குட்டி.

குட்டி அவனைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவை அவள் மேலும் கீழும் பார்த்தாள். அந்தக் கை எதற்கென்று அவளைவிடத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. வெகு நாளைக்குப் பிறகு அவளும் தன் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

அவனுக்குக் கை தானாக இறங்கப் பார்த்தது.

“இன்னும் வரல,” என்றார் மேடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் கையை நிமிர்த்திக்கொண்டான்.

குட்டி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு கையை இறக்கிவிட்டு அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடி மெல்லியதுதான், உள்ளே நன்றாகக் கேட்டது.

“அம்மா, அப்பாவ யாரு தூக்குவாங்க?”

டிஸ்க் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.